வெட்டாத பிரதி

அடுப்பில் ஓட்ஸ் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அலமாரிமேல் இருந்த சின்ன ஸ்பீக்கரில் யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு கிடார்களும் ஒரு டிரம்மும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. ரைஸா சத்தத்தைக் குறைத்தாள். யால்மரி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி மறுபடி கூட்டினான். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுடைய காலை இப்படித்தான் விடிந்துகொண்டிருந்தது.

"காலங்காத்தால யாரைடா கொல்றாங்க?"

"யாரையும் கொல்லலை. அவனுக்கு வசந்தகாலம் பிடிக்கலையாம். அதைத்தான் கொஞ்சம் விவரமா சொல்றான்."

கஞ்சியைக் குடித்து முடித்து, தட்டைத் தொட்டியில் வைத்தான். புகைபோக்கி துடைக்கிறவர்களின் கறுப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டான். சட்டை கறுப்பு, கால்சட்டை கறுப்பு, முகத்தைத் தவிர எல்லாம் கறுப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முகமும் சேர்ந்துவிடும். மெட்டல் பாட்டு கேட்கிற ஆளுக்கு ஏற்ற வேலை என்று ஊரில் கேலி செய்வார்கள். வாசற்படியில் நின்று பூட்ஸ் கயிற்றைக் கட்டியபடியே சொன்னான்:

"கீழே பீப்பாயைத் திறந்து பார்க்காதே. அது இன்னும் தூங்கிட்டிருக்கு. திறந்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

"எப்படித் தெரியுமாம்?"

"உன் மூக்கு நுனியில நுரை இருக்கும்."

"கதவைச் சாத்திட்டுப் போ. குளிர் வருது."

சாத்திவிட்டுப் போனான்.

நூலகத்தில் அவளுக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. வீட்டு வேலையை முடித்துவிட்டு, பத்து மணிவாக்கில் நிலவறைக்கு இறங்கி, பீப்பாய் மூடியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். கம்பு மாதிரி ஒரு இனிப்பு, வாழைப்பழ வாசனை, அதற்கு அடியில் ஜூனிப்பர் என்கிற ஊசியிலைப் புதரின் கசப்பு. அவன் காய்ச்சியதிலேயே நல்லது இதுதான் என்று தோன்றியது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் திறந்தது தெரிந்துவிடுமே என்று யோசித்துக்கொண்டு படியேறும்போது தொலைபேசி அடித்தது.

விஷயம் கேள்விப்பட்ட எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கூரையிலிருந்து விழுந்துட்டானா?" இல்லை. பனி படர்ந்த கூரைகளில் காலமெல்லாம் நடந்தவன், பெட்ரோல் பங்க் காபிக்கடையில் இலவங்கப்பட்டை பன்னை ஒரு கடி கடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். இதயம். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவன் கண் அசந்துவிட்டதாக நினைத்தாராம்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்து விடைபெறுவதற்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. வெள்ளைத் துணி, ஒரு நாற்காலி, தலைமாட்டில் ஒரு மெழுகுவர்த்தி. ரைஸா நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடிக்கிறவன் எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பான், எங்காவது ஓரிடத்தில் மாட்டிக்கொள்வான் என்று அவள் கண்ணுக்குப் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தை அவளுக்கு ஏற்படுத்தியவனே அங்கே படுத்திருந்தான். சுடர் நேராக நின்றது. நர்ஸ் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சுடர் அசையவே இல்லை.

அந்தப் பழக்கம் ஒரு படத்திலிருந்து வந்தது.

அது ஒரு பழைய இத்தாலியப் பேய்ப்படம். எடுத்தவர்களே மறந்துபோயிருப்பார்கள். ஒரு மாவுமில்காரன் குளத்தில் மூழ்கிச் சாகிறான். பிணத்தைக் கல்மேடையில் கிடத்தி, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றி, அவன் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு பிணம் எழுந்து அவள் கையைக் கடிக்கிறது. பிறகு ஊரையே கடிக்கிறது. பேய் ரப்பர், ரத்தம் தக்காளி, இடி தகரம். ஆனால் கல்மேடையில் கிடக்கிற அந்த நடிகன் மட்டும் மூச்சு விட்டுவிடுவான். பிடித்துப் பிடித்துப் பார்ப்பான், முடியாது; மூக்குக்கு நேரே இருக்கிற சுடர் சாயும். இயக்குநருக்கு மறுபடி எடுக்கக் காசில்லை போலிருக்கிறது, அப்படியே விட்டுவிட்டார்.

ஒவ்வொரு நவம்பரிலும் யால்மரியும் அவன் கூட்டாளிகளும் ஊர்ச் சங்கக் கூடத்தில் அந்தப் படத்தைப் போடுவார்கள். அவர்களுடைய பேண்ட் முதலில் வாசிக்கும். யால்மரி டிரம், வெய்யோ பேஸ் கிடார், சிர்க்கு பாட்டு. சிர்க்கு பகலில் மழலையர் பள்ளி ஆசிரியை, மேடையில் ஏறினால் கரடி. பிறகு யால்மரி காய்ச்சிய பீர். கன்னங்கரேலென்று ஒன்று உண்டு, அதற்குக் 'கரிப்பேய்' என்று பெயர் வைத்திருந்தான். ஆனால் படத்துக்கென்று காய்ச்சுவது சஹ்தி என்கிற பழங்கால நாட்டுப் பீர் மட்டும்தான்; நிலவறைப் பீப்பாயில் தூங்கியது அதுதான். பிறகு படம். சுடர் சாயும்போது கூடமே எழுந்து நின்று, "உயிரோடதான் இருக்கான்!" என்று கத்தும், கையில் இருப்பதை ஒரே மூச்சில் குடிக்கும். ஊர்ப் பாதிரியார் ஒரு பெண்மணி; அந்தப் பாதிரியார் அம்மாகூட வந்து கத்திவிட்டுப் போவார்.

அந்தக் காட்சி சும்மா கிடைத்ததில்லை. படம் இந்த நாட்டுக்கு வந்தபோது, தணிக்கைக்காரர்கள் பிணம் கடிக்கிற இடத்தைக் கொடூரம் என்று சொல்லி, மில்காரன் கிடக்கிற காட்சியோடு சேர்த்து வெட்டிவிட்டிருந்தார்கள். யால்மரியும் வெய்யோவும் வெட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்த பையன்கள். பேய் வாயைத் திறக்கும், அடுத்த நொடி எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த எரிச்சலில்தான் இருவரும் சிநேகிதர்களானார்கள். இருவருடைய கையில்லாத ஜீன்ஸ் சட்டைகளின் முதுகிலும் ஒரு கத்தரிக்கோல் படமும் அதன்மேல் சிவப்புக் கோடும் தைத்திருக்கும். அந்தத் துண்டு பிலிமை யால்மரி ஹாம்பர்க்கில் ஒருவனிடம் கண்டுபிடித்து, தன்னுடைய நல்ல டிரம் ஒன்றைக் கொடுத்து வாங்கிவந்தான். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, தன் கையாலேயே ஒட்டினான். ஒட்டிய இரண்டு இடத்திலும் படம் லேசாகக் குதிக்கும். ஒலிபெருக்கியில் 'டொப்' என்று கேட்கும்.

அடக்கத்துக்கு நாள் குறித்தார்கள். இங்கே வழக்கம்போல அதற்குச் சில வாரங்கள் ஆகும். படம் போட வேண்டிய சனிக்கிழமை அதற்கு முந்திய வாரம் வந்தது.

வெய்யோவும் சிர்க்குவும் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்கள். வெய்யோ காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான், அவன் சர்க்கரை போடாதவன்.

"இந்த வருஷம் வேண்டாம்னு போர்டு எழுதி மாட்டிடறேன்," என்றான். "யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"சஹ்தி?" என்றாள் ரைஸா.

"அது இருக்கட்டுமே. அப்புறம்..."

"அப்புறம்னா எப்போ? அதைக் கொதிக்க வைக்கிறதே இல்லை. சாதாரண பீர் மாதிரி அலமாரியில வச்சு அழகு பார்க்க முடியாது. அடக்கத்துக்குள்ள புளிச்சிடும். தொட்டியில கொட்டவா சொல்றே?"

வெய்யோ கரண்டியைத் தட்டில் வைத்தான். ரைஸா நிறுத்தவில்லை.

"படத்துக்குன்னு காய்ச்சினான். நாற்காலியெல்லாம் சொல்லி வச்சிட்டான். போஸ்டர்கூட அடிச்சாச்சு. அவன் எப்படி வச்சிட்டுப் போனானோ அப்படியே நடக்கணும். ஒண்ணையும் மாத்தக்கூடாது. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

"டிரம்முக்கு என்ன பண்றது?" என்றாள் சிர்க்கு. "எங்கிட்ட ஒரு மெஷின் இருக்கு..."

"மெஷினா? சவப்பெட்டியை உடைச்சுட்டு வந்து உன்னை உதைப்பான்."

சிர்க்கு சிரிக்கத் தொடங்கி, பாதியிலேயே அழுதுவிட்டாள். ரைஸா அவளுக்குக் காபி வடிகட்டுகிற காகிதத்தை எடுத்து நீட்டினாள். கைக்கு எட்டியது அதுதான். "மூக்கைச் சிந்துடி. கரடி அழுதா நல்லாவா இருக்கு?"

அவர்கள் கிளம்பும்போது வாசலில் வைத்து ரைஸா வெய்யோவிடம் மருத்துவமனை அறையைப் பற்றிச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை. "மூச்சு வருதான்னு பார்த்துட்டே இருந்தேன்டா. பைத்தியக்காரி மாதிரி. சுடர் சாயுமான்னு." வெய்யோ தலையை ஆட்டினான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனதை அவள் பார்த்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. கூடத்தில் அடுப்பு எரிந்தது, ஈரக் கம்பளிச் சட்டைகள் மணத்தன. எல்லா நாற்காலியும் நிரம்பியிருந்தது. ஜனங்கள் ரைஸாவின் தோளைத் தொட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பீப்பாய்ப் பக்கம் போனார்கள். அந்த ஊரில் அது நிறையப் பேசியதற்குச் சமம்.

பேண்ட் வாசிக்கவில்லை. பழைய ஒலிநாடா ஒன்றை ஓடவிட்டார்கள். மேடையில் டிரம்கள் மட்டும் இருந்தன, பின்னால் ஆளில்லாமல். நாடாவில் யால்மரி அடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் ஒரு குறை உண்டு, உற்சாகம் வந்தால் ஓடிவிடுவான். பாட்டு ஒரு வேகத்தில் தொடங்கி இன்னொரு வேகத்தில் முடியும். இரண்டாவது பாட்டின் நடுவில் அவன் ஓடத் தொடங்கியதும், பீர் ஊற்றிக்கொண்டிருந்த சிர்க்கு தலையைத் தூக்காமலே, பழக்கதோஷத்தில், "மெதுவாடா!" என்று கத்தினாள்.

எல்லோரும் ஆளில்லாத டிரம்களைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு கிழவர் கடைசி வரிசையிலிருந்து, "அவன் எப்போ கேட்டிருக்கான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரைஸாவும் சிரித்தாள். நாடாவில் யால்மரி இன்னும் வேகமாக ஓடினான்.

சஹ்தி தீர்ந்துகொண்டே வந்தது. இரண்டு கைப்பிடி வைத்த மரக்கோப்பை கைமாறிக் கைமாறிப் போய், பீப்பாய்க்கு வந்து, மறுபடி போனது. பாதிரியார் அம்மா குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இவன் பிரசங்கம் கேட்க வரமாட்டான், ஆனா இதைக் காய்ச்சத் தெரிஞ்சிருக்கு," என்றார். சிர்க்கு ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பீப்பாயைக் கொஞ்சம் அதிகமாகச் சாய்க்க வேண்டியிருந்தது. ரைஸா அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

விளக்கை அணைத்தார்கள். பின்னால் மேஜைமேல் இருந்த புரொஜெக்டரை வெய்யோ ஓடவிட்டான். தையல் மெஷின் மாதிரி அது கடகடத்தது.

படம் தொடங்கியதும் ஜனங்களுக்குத் தெம்பு வந்தது. தகர இடி இடித்தபோது எல்லோரும் சேர்ந்து வாயால் இடித்தார்கள். மில்காரன் திரையில் வந்ததும், "நீச்சல் தெரியுமா?" என்று ஒருத்தி கேட்டாள். அது வருஷாவருஷம் கேட்கிற கேள்வி. மில்காரன் குளத்தருகே போனான். வழுக்கினான். விழுந்தான். தண்ணீரில் குமிழி வந்தது, நின்றது. ரைஸா கைகளை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டாள். வரப்போகிறது. வரட்டும். இதற்காகத்தானே வந்தேன்.

திரையில் மில்காரன் பெண்டாட்டி கையில் கட்டுப்போட்டுக்கொண்டு காட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.

முதலில் ரைஸாவுக்குப் புரியவில்லை. கண்ணைக் கொஞ்சம் அதிக நேரம் மூடிவிட்டேனோ என்று நினைத்தாள். பக்கத்தில் பார்த்தாள். ஜனங்கள் எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் கேலி செய்யவில்லை. 'டொப்' என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்டிருந்தது, இரண்டு அல்ல.

எழுந்து நின்றாள். அவள் தலையின் நிழல் காட்டின்மேல் விழுந்தது.

"வெய்யோ, நிறுத்து."

புரொஜெக்டர் நின்றது. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"எங்கே அது?"

வெய்யோ புரொஜெக்டருக்குப் பின்னால் நின்றான். பெரிய ஆள், தாடி நெஞ்சுவரைக்கும். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி நின்றான்.

"ரைஸா, வெளியே வச்சுப் பேசலாம்."

"இங்கேயே சொல்லு. வெட்டிட்டியா?"

"வெட்டலை." உடனே சொன்னான், அது மட்டும் அவனுக்குச் சகிக்கவில்லை. "கத்தரி வைக்கவே இல்லை. அவன் ஒட்டின இடத்துலதான் பிரிச்சேன். ஒரு கட்டம்கூட வீணாகலை."

"அவன் ஒட்டினதைப் பிரிச்சியா?"

வெய்யோ அப்போதுதான் தான் செய்ததைக் கேட்டான் போலிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் முதுகைப் பார்த்தபடி இருந்தவர்களுக்குச் சிவப்புக் கோடு போட்ட கத்தரிக்கோல் தெரிந்தது.

"நீதானே சொன்னே," என்றான். "அந்த ரூம்ல உட்கார்ந்து மூச்சு வருதான்னு பார்த்தேன்னு. சுடரைப் பார்த்தேன்னு. அதைக் கேட்டதுக்கப்புறம் நான் எப்படி ரைஸா இதைப் போடுவேன்? ஊரே எழுந்து நின்னு 'உயிரோடதான் இருக்கான்'னு கத்தும், நீ நடுவுல உட்கார்ந்திருப்பே. எனக்குக் கை வரலை. ரெண்டு நாளா தூக்கமில்லை. கடைசியில காலையில பிரிச்சு எடுத்துட்டேன்."

ரைஸாவுக்குக் கோபம் வந்த வேகத்திலேயே வடிந்தது; ஆனால் முழுவதும் வடியவில்லை.

"நான் ஒண்ணையும் மாத்தாதேன்னு சொன்னேன்டா."

"சொன்னே."

"எனக்குப் பயமாத்தான் இருந்தது. இப்பவும் இருக்கு. ஆனா அங்கே மூச்சு வரலை, வெய்யோ. எவ்வளவு நேரம் பார்த்தேன், வரலை. இங்கே வரும்ல? இங்கேயாவது வருமே."

வெய்யோ சட்டைப்பையில் கைவிட்டான். அந்தத் துண்டு பிலிமைக் காபி வடிகட்டும் காகிதத்தில் சுற்றி, உள்ளங்கை அளவுச் சுருளாக வைத்திருந்தான். தூசி ஒட்டாமலிருக்க அப்படிச் சுற்றியிருந்தான். காலையிலிருந்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான்.

"ஒட்டிடலாம்," என்றான். "பிலிம் ஒட்டுற அச்சு கொண்டு வந்திருக்கேன்."

"ஏன் கொண்டு வந்தே?"

"தெரியலை. ஒருவேளை நீ கேட்டா..."

"மடையா," என்றாள் ரைஸா. ஆனால் அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெய்யோவின் தடித்த விரல்களால் இரும்பு அச்சின் சின்ன முனைகளில் பிலிம் ஓட்டைகளைப் பொருத்த முடியவில்லை. சிர்க்கு டார்ச் பிடித்தாள். "கொடு இங்கே," என்று ரைஸா வாங்கிக்கொண்டாள். நூலகத்தில் கிழிந்த பக்கங்களை ஒட்டிப் பழகிய கைதான். இரண்டு முனையிலும் யால்மரி ஒட்டிய பழைய ஒட்டுநாடாவின் பசை மங்கலாக இருந்தது. அதைத் துடைக்காமல் அதன் மேலேயே புது நாடாவை வைத்து, அச்சை அழுத்தினாள். கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது.

"கோணலா இருக்கு," என்றான் வெய்யோ.

"வாயை மூடு."

"இல்லை, அவனுதும் கோணல்தான். அதான் குதிக்கும்."

இதற்குள் ஜனங்கள் பீப்பாயைச் சுற்றி நின்றுவிட்டிருந்தார்கள். சிர்க்கு டார்ச்சை மேஜையில் வைத்துவிட்டுப் போய், பீப்பாயை முழுக்கச் சாய்த்துப் பிடித்து, அடி வண்டலோடு வந்ததை மரக்கோப்பையில் பிடித்துக்கொண்டு வந்தாள். முக்கால் கோப்பைதான் இருந்தது.

"இவ்வளவுதான்," என்றாள். "மத்தவங்க கரிப்பேய் குடிக்கட்டும். இது உனக்கு."

ரைஸா கோப்பையை மோந்து பார்த்தாள். வாழைப்பழ வாசனை அப்படியே இருந்தது. ஓரத்தில் லேசாக, மிக லேசாக, புளிப்பு எட்டிப் பார்த்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் போயிருந்தால் அவ்வளவுதான்.

விளக்கை அணைத்தார்கள். வெய்யோ படத்தைக் கொஞ்சம் பின்னுக்குச் சுற்றி ஓடவிட்டான். மில்காரன் மறுபடி குளத்தருகே போனான், மறுபடி வழுக்கினான். குமிழி வந்தது, நின்றது. 'டொப்'. படம் குதித்தது.

கல்மேடை. மெழுகுவர்த்திகள். மில்காரன் கைகளை மார்பில் கோத்துக் கிடந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி. அவள் அழவில்லை என்பதை ரைஸா இத்தனை வருஷத்தில் முதல்முறையாகக் கவனித்தாள். அவள் சும்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஆனால் ஒருவருக்கும் வாய் வரவில்லை. பின்னால் வெய்யோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது.

நடிகன் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டே இருந்தான். அவன் கழுத்தில் ஒரு நரம்பு துடித்தது.

"மூச்சை விடுடா," என்றாள் ரைஸா, பாதி வாய்க்குள். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "உயிரோடதான் இருக்கான்!"

கொஞ்சம் முந்திக் கத்திவிட்டாள். ஆனால் கூடமே அவள் பின்னால் கத்தியது. சிர்க்கு கரடிக் குரலில் கத்தினாள். ரைஸா குடித்தாள், கடைசித் துளிவரை, வண்டலோடு. நுரை மூக்கு நுனியில் ஒட்டியது. அதைத் துடைக்காமல் திரையைப் பார்த்தாள்.

மில்காரன் மூக்குக்கு நேரே இருந்த சுடர் ஒருமுறை சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது.